முதல் கிளப் லாஞ்ச்: ஆல்ஃபா III, பிக் பெர்தா, கையில் சி6-5. சரியா?

ஆல்ஃபா_அப்பா
அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை டாலஸுக்கு வெளியே ஒரு மாதிரி ராக்கெட் கிளப் நடத்தும் லாஞ்சுக்குப் பிள்ளைகளோடு போகிறோம். எஸ்டெஸ் கம்பெனி கிட்டில் கட்டிய ராக்கெட் இரண்டு: ஆல்ஃபா III, பிக் பெர்தா. கட்டி முடித்து பெயின்டும் காய்ந்துவிட்டது. கடையில் சி6-5 மோட்டார் மட்டும்தான் இருந்தது, மூன்று பாக்கெட் வாங்கியாயிற்று. மைதானம் புல்தரை, குறுகிய பக்கம் ஏறத்தாழ 500 அடி. காலையில் காற்று மணிக்கு 10 மைல், மதியத்துக்கு மேல் 15 என்கிறது வானிலைக் கணிப்பு. சி6-5 போதுமா? கிளப்பில் என்ன இருக்கும், நாம் என்ன கொண்டுபோக வேண்டும்? பொதுவாக எங்கே சொதப்பும்?

கரும்பொடி
போதுமாவா! இந்த மைதானத்துக்கு அது ரொம்ப அதிகம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆல்ஃபா III வெறும் 34 கிராம் எடை. சி6-5 போட்டால் 300 மீட்டர் (ஆயிரம் அடி) பக்கம் ஏறும். அதன் 12 அங்குலக் குடை விநாடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் இறக்கும். அதாவது 75 விநாடி அந்தரத்தில் தொங்கும். மணிக்கு 10 மைல் காற்று என்றால் விநாடிக்கு 4.5 மீட்டர். 75 விநாடியில் 340 மீட்டர், 1,100 அடி தள்ளிவிடும். மைதானம் 500 அடி. அத்தோடு தரையில் 10 மைல் என்றால் மேலே அதைவிடக் கூடத்தான் இருக்கும்.

அதே ஆல்ஃபாவில் ஏ8-3 போட்டால் 70, 80 மீட்டர் போகும். 19 விநாடியில் தரைக்கு வரும், 280 அடி தள்ளி விழும். நடந்துபோய் எடுத்துவரலாம். பி6-4 இடைப்பட்டது. காற்று அடங்கினால் பார்க்கலாம்.

பெர்தாவுக்கு நேர்மாறு. அது தடித்த உடம்பு, காற்றுத் தடை அதிகம். ஏ8-3 அதைத் தூக்கும், ஆனால் நூறு அடியைத் தாண்டினாலே பெரிது, குடை விரிய நேரம் இருக்காது. பி6-4 தான் அதற்கு ஏற்றது: 250 முதல் 300 அடி உயரம், 18 அங்குலக் குடையில் மெல்ல இறங்கி 400 அடி தள்ளி விழும். ஏவும் மேடையான பேடைக் காற்று வரும் விளிம்பில் வைத்தால் மைதானத்துக்குள் அடங்கும்.

ஆகவே ஏ8-3 ஒரு பாக்கெட், பி6-4 ஒரு பாக்கெட் வாங்குங்கள். பல கிளப்களில் விற்பனையாளர் வருவார், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சி6 கெட்டுப்போகாது, வீட்டில் இருக்கட்டும்.

கொங்கு_ஏவுகணை
அண்ணா, அமெரிக்காவின் தேசிய ராக்கெட் சங்கமான என்ஏஆரின் பாதுகாப்பு விதியில் சி மோட்டாருக்குக் குறைந்தபட்ச மைதானம் 400 அடிதானே? 500 அடியில் தாராளமாக விடலாமே.

கரும்பொடி
விதி அப்படித்தான். ஏ-க்கு 100, பி-க்கு 200, சி-க்கு 400, டி-க்கு 500, ஈ, எஃப், ஜி-க்கு 1,000 அடி. ஆனால் அந்த அட்டவணை ஆளுக்கும் சொத்துக்கும் ஆபத்து வராமல் இருப்பதற்கு. ராக்கெட் கையில் திரும்பி வரும் என்று அது எங்கேயும் உறுதி சொல்லவில்லை. காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் விடவே கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது.

ஆல்ஃபா_அப்பா
நன்றி. எழுத்தும் எண்ணும் அரைகுறையாகத்தான் புரிகிறது. கடைசி எண்ணைக் கொஞ்சம் விளக்குங்களேன்.

கரும்பொடி
எழுத்து என்பது மொத்த உந்தம். ஏ 2.5 நியூட்டன்-விநாடி வரை, பி 5 வரை, சி 10 வரை, டி 20 வரை. ஒவ்வொரு எழுத்துக்கும் உச்ச வரம்பு இரண்டு மடங்கு. நடு எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண், எரிபொருள் தீர்ந்தபின் குடையைத் தள்ளும் வெடிப்புவரை எத்தனை விநாடி என்பது. அந்த இடைவெளியில் மெதுவாகப் புகைந்தபடி எரியும் தாமதத் துண்டு ஒன்று உள்ளே இருக்கிறது. ராக்கெட் வேகம் இழந்து உச்சிக்குப் போகும் நேரம் அது.

புதிதாக வருகிறவர்கள் எழுத்தைத்தான் பார்க்கிறார்கள். ராக்கெட்டை உடைப்பதோ கடைசி எண். உச்சியில் வேகம் ஏறத்தாழ பூஜ்ஜியம். அதற்கு ஒரு விநாடி முன்போ பின்போ வெடித்தால் விநாடிக்கு 10 மீட்டர் வேகம், இரண்டு விநாடி தவறினால் 20. அந்த வேகத்தில் குடை விரிந்தால் மூக்குக் கூம்பையும் உடம்பையும் இணைக்கும் ஷாக் கார்ட் விறைத்து, கத்தி மாதிரி அட்டைக் குழாயின் வாயிலிருந்து கீழ்நோக்கிக் கிழித்துவிடும். இதைத்தான் ஜிப்பர் என்கிறார்கள்.

லேசான, மெல்லிய ராக்கெட் நெடுநேரம் மிதந்து ஏறும், அதற்கு நீண்ட தாமதம். கனமான, தடித்த ராக்கெட்டுக்குக் குறைந்த தாமதம். சி6-0 மாதிரி பூஜ்ஜியத்தில் முடிவது இரண்டடுக்கு ராக்கெட்டின் கீழ் அடுக்குக்கு மட்டும். அதில் தாமதமும் இல்லை, குடை தள்ளும் மருந்தும் இல்லை. ஒற்றை ராக்கெட்டில் தவறிப் போட்டால் குடை வரவே வராது, மூக்கால் தரையில் குத்தும். பாக்கெட்டைத் திறக்கும்போது எண்ணை இன்னொரு முறை படியுங்கள்.

பால்சா_தச்சன்
கட்டியாயிற்று என்றீர்கள். கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை.

ஃபின் (வால் இறக்கை) ஒவ்வொன்றையும் இரு விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். வேரில் மயிரிழைக் கீறல் தெரிந்தால் மரக் கோந்தை ஓரத்தில் பூசி ஓரிரவு விடுங்கள். பெர்தாவின் ஃபின் பால்சா மரம். மர இழை ஃபினின் முன் விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்காக இருந்தால் தரையில் மோதிய முதல் தடவையே ஒடியும். ஆல்ஃபா III-க்கு பிளாஸ்டிக் ஃபின், அந்தக் கவலை கிடையாது.

மூக்குக் கூம்பின் இறுக்கம் மிக முக்கியம். கூம்பை மட்டும் பிடித்து ராக்கெட்டைத் தொங்கவிட்டால் உடம்பு நழுவக் கூடாது. லேசாக உதறினால் கழல வேண்டும். இறுகி இருந்தால் தோள்பட்டையை 400 நம்பர் உப்புத்தாளால் தேய்க்கலாம், தளர்ந்தால் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று. பெயின்ட் குழாயின் வாய்க்குள் கசிந்திருந்தால் நிச்சயம் இறுகும். ஈரப்பதம் உள்ள காலையில் அட்டைக் குழாய் சற்று ஊதும், மைதானத்தில் மறுபடி சோதியுங்கள்.

லாஞ்ச் லக் (ஏவும் கம்பியில் செருகும் சிறு குழாய்) பெயின்டால் அடைபட்டிருக்கிறதா என்று எட்டில் ஒரு அங்குலக் கம்பியை விட்டுப் பாருங்கள். உங்கள் இரண்டு ராக்கெட்டுக்கும் அந்த அளவுதான். சிக்கிக்கொண்டே வழுக்கினால் கம்பியில் வேகம் எடுக்காது.

சமநிலை: ஈர்ப்பு மையம், காற்றின் விசை செயல்படும் அழுத்த மையத்துக்கு முன்னால் குறைந்தது ஒரு குழாய் விட்டம் அளவாவது இருக்க வேண்டும். கிட் ராக்கெட்டை அப்படியே கட்டியிருந்தால் இதைத் தயாரிப்பாளரே பார்த்திருப்பார். ஆனால் பிள்ளைகள் ஃபின் பக்கம் கோந்தைக் கொட்டியிருந்தாலோ வாலில் மூன்று கோட் பெயின்ட் ஏறியிருந்தாலோ மையம் பின்னுக்குப் போகும். மோட்டாரை மாற்றினாலும் போகும்: ஏ8 சுமார் 16 கிராம், சி6 சுமார் 24. எப்போதும் எடுத்துப்போகும் மோட்டாரிலேயே பெரியதைப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

சுழல்காற்று
கயிறு கட்டிச் சுற்றிப் பார்க்கும் சோதனையே போதும் சார். மோட்டார் போட்டு, ஈர்ப்பு மையத்தில் ஆறேழு அடி நூல் கட்டி, தலைக்கு மேல் சுழற்றினால் மூக்கு முன்னால் போனால் சரி.

பால்சா_தச்சன்
பாஸ் ஆனால் நம்பலாம். பெயில் ஆனால் அவசரப்பட வேண்டாம். குட்டையான தடித்த ராக்கெட்டுகள் கயிற்றில் தடுமாறும், வானத்தில் நேராகப் போகும். சொந்த வடிவமைப்பு என்றால் ஓப்பன்ராக்கெட் மென்பொருளில் வரைந்துவிடுங்கள், இலவசம். சாம்போ நிஸ்கனென் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வாகச் செய்தது. நாசாவின் ஜேம்ஸ் பாரோமன் 1960-களில் கொடுத்த சமன்பாடுகள்தான் அதற்கும் அடி. பெர்தா மாதிரி கிட்டுகளின் கோப்புகளைப் பலர் வரைந்து வைத்திருக்கிறார்கள், மோட்டாரை மாற்றி மாற்றித் தாமதம் சரியா என்று வீட்டிலேயே பார்க்கலாம்.

மீட்புக்குடை
ராக்கெட் மேலே போவதை எல்லோரும் கவனிப்பார்கள். பாதிப் பேர் கோட்டை விடுவது குடையில். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வாடிங். தீப்பிடிக்காத காகிதம், எஸ்டெஸ் பாக்கெட்டில் சதுரத் துண்டுகளாக வரும். ஆல்ஃபாவுக்கு மூன்று நான்கு, பெர்தாவுக்கு ஐந்து ஆறு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தளர்வாகக் கசக்கி உள்ளே விடுங்கள். குழாயின் விட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு நிற்க வேண்டும், சுவரை ஒட்டி இடைவெளி இருக்கக் கூடாது. இடித்து இறுக்கினால் அதுவே கார்க் ஆகிவிடும். முகம் துடைக்கும் டிஷ்யூவை வைக்கவே கூடாது. அது கனன்றபடியே கீழே விழும், காய்ந்த புல்லில் தீ பிடிக்கும்.

குடையை வீட்டிலேயே மடித்து வைத்துவிட்டு வராதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் ஓரிரவில் மடிப்பை மனப்பாடம் செய்துவிடும், வானத்தில் குச்சி போல இறங்கும். பேடுக்குப் போவதற்குச் சற்று முன் மடியுங்கள். டால்கம் பவுடர் தூவி, நுனியைப் பிடித்து உருவி, நீளவாக்கில் இரண்டாக மடித்து, நுனியிலிருந்து சுருட்டி, நூலை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றாமல் விடுங்கள். குழாயில் போட்டால் ஊதினால் நகரும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும்.

ஷாக் கார்டைக் குழாயின் உட்சுவரில் மூன்று மடிப்புக் காகிதத்தில் வைத்து ஒட்டியிருப்பீர்கள். விரலை விட்டு இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பறத்தலுக்குப் பிறகும் ரப்பர் பொசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீளம் ராக்கெட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு. கிட்டில் வருவது பெரும்பாலும் குட்டை. வெடிப்பின் வேகத்தில் போன கூம்பு ரப்பரின் இழுப்பில் திரும்பி வந்து குழாயின் வாயில் அடித்துப் பள்ளம் போடும்.

காற்று அதிகமானால் குடையைக் கழற்றாமலே வேகமாக இறக்க ஒரு வழி உண்டு: எல்லா நூலையும் சேர்த்து, பாதி நீளத்தில் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு சுற்றுங்கள். குடை பாதிதான் விரியும். ஆல்ஃபாவின் பிளாஸ்டிக் ஃபின் அந்த வேகத்தைத் தாங்கும். பெர்தாவில் இதைச் செய்யாதீர்கள், பால்சா உடையும்.

சுழல்காற்று
காகிதத்துக்கு ஏன் வீண் செலவு? தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய செல்லுலோஸ் இன்சுலேஷன், கிளப்பில் நாய் வாந்தி என்று கூப்பிடுவார்கள், வீடு கட்டும் பொருள் கடையில் ஒரு மூட்டை வாங்கினால் ஆயுசுக்கும் போதும். இல்லை, தீத்தாங்கும் நோமெக்ஸ் துணி ஒன்று.

மீட்புக்குடை
24 மி.மீ மோட்டாருக்கு மேல் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆல்ஃபாவின் குழாய் ஒரு அங்குலம்கூட இல்லை, நோமெக்ஸ் துணியும் குடையும் அதற்குள் நெருக்கியடிக்கும். செல்லுலோஸ் பரவாயில்லை, ஆனால் ஒரு பிடி அதிகமானால் அடைக்கும். முதல் முறை வருகிறவருக்கு எண்ணிப் போடும் காகிதமே நல்லது.

கொங்கு_ஏவுகணை
அக்கா சொன்னதோடு ஒன்று. வெடித்த சத்தம் கேட்டும் குடை வராமல் ராக்கெட் விழுந்தால், மோட்டார் உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. கூம்பு இறுக்கமாகவும் மோட்டார் தளர்வாகவும் இருந்தால் அழுத்தம் சுலபமான வழியில் மோட்டாரைப் பின்னால் துப்பிவிடும். உலோகக் கொக்கி மோட்டாரின் விளிம்பைக் கவ்வியிருக்க வேண்டும். கொக்கி இல்லாத ராக்கெட்டில் மாஸ்கிங் டேப் சுற்றி, இடுக்கி இல்லாமல் கழற்ற முடியாத அளவுக்கு இறுக்குங்கள்.

ரேஞ்சு_டூட்டி
கிளப் நாள் எப்படி நடக்கும் என்று கேட்டீர்களே.

போனதும் கார்டு ஒன்று கொடுப்பார்கள். ராக்கெட் பெயர், மோட்டார், எடை, முதல் பறத்தலா என்று எழுத வேண்டும். அதோடு ராக்கெட்டைப் பாதுகாப்பு அதிகாரி மேசைக்குக் கொண்டுபோங்கள். அவர் ஃபினை அசைப்பார், கூம்பை உருவிப் பார்ப்பார், லக்கைப் பார்ப்பார், மோட்டார் இந்த எடையைத் தூக்குமா என்று பார்ப்பார். பொது அளவு: சராசரி உந்துவிசை எடையைப் போல ஐந்து மடங்கு. பெர்தா மோட்டாரோடு 85 கிராம், அதாவது 0.83 நியூட்டன். பி6 தருவது 6 நியூட்டன். தாராளம். அவர் வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள், அன்றைக்கு அவர் சொல்வதுதான்.

அதன்பின் பேட். சிறிய ராக்கெட்டுகளுக்கு நான்கைந்து கம்பிகள் வரிசையாக நிற்கும். ஏவுதள அதிகாரி ரேஞ்ச் (ஏவும் களம்) திறந்திருக்கிறது என்று அறிவித்த பிறகுதான் கோட்டைத் தாண்ட வேண்டும். கம்பியில் கரி படிந்திருந்தால் ஈரத் துணியால் துடையுங்கள். இரண்டு துண்டாகத் திருகும் கம்பி என்றால் மூட்டில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கண் மட்டத்தில் கம்பி நுனி இருக்கும், குனியும்போது கவனம், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ராக்கெட் தடுப்புத் தகட்டில் உட்காராமல் இரண்டு அங்குலம் மேலே நிற்கக் கம்பியில் டேப் ஒரு சுற்று.

ஸ்டார்ட்டர் (மோட்டாரைப் பற்றவைக்கும் மின்திரி): மோட்டாரின் களிமண் துளைக்குள் போய் மருந்தைத் தொடும்வரை நுழையுங்கள், பிளாஸ்டிக் அடைப்பானால் இறுக்குங்கள், கம்பிகளை ‘வி’ வடிவில் விரித்து விடுங்கள். இதை மேசையிலேயே செய்யலாம், கிளிப் மாட்டுவது பேடில் மட்டும். முதலை கிளிப்பின் பல்லை உப்புத்தாளால் தேய்த்து மாட்டுங்கள். இரண்டு கிளிப்பும் ஒன்றையொன்று தொடக் கூடாது, தகட்டையும் தொடக் கூடாது. கிளப்பில் 12 வோல்ட் பேட்டரி, சாவி அதிகாரியிடம் இருக்கும்.

திரும்பி வந்து கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். டி வரை 15 அடி, அதற்கு மேல் 30 அடி என்பது விதி. கிளப்கள் கூடுதலாகவே வைத்திருக்கும்.

பட்டனை அழுத்தியும் கிளம்பாவிட்டால் சாவியை எடுத்து 60 விநாடி காத்திருக்க வேண்டும், ஒருவரும் நெருங்கக் கூடாது. பிறகு ஸ்டார்ட்டரைப் பாருங்கள். நுனி கருகியிருக்கிறது, மோட்டார் பற்றவில்லை என்றால் அது மருந்தைத் தொடவில்லை. பத்துக்கு எட்டு இதுதான். நுனி அப்படியே இருந்தால் கிளிப் துரு, இல்லை கம்பிகள் உரசியிருக்கின்றன. வீட்டில் உள்ள நான்கு பென்டார்ச் பேட்டரி கன்ட்ரோலரில் என்றால் பேட்டரி சோர்ந்திருக்கும்.

கொண்டுபோக: மாஸ்கிங் டேப், வாடிங், பவுடர், உப்புத்தாள், மூக்கு நீண்ட இடுக்கி, கூடுதல் ஸ்டார்ட்டர், சூப்பர் குளூ, வாடிங் தள்ள ஒரு மரக் குச்சி, மடக்கு மேசை. தொப்பியும் தண்ணீரும் டெக்சாஸில் சொல்லத் தேவையில்லை.

மேலே பாருங்கள் என்று ஒலிபெருக்கியில் குரல் வந்தால் குடை விரியாத ராக்கெட் வருகிறது என்று பொருள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து நின்று, ராக்கெட்டை விரலால் சுட்டிக்காட்டுங்கள். பக்கத்தில் இருப்பவரும் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். குடையில் இறங்குவதைக் கையால் பிடிக்க ஓடக் கூடாது. மின்கம்பியில் தொங்கினால் அதை மறந்துவிடுங்கள்.

கொங்கு_ஏவுகணை
காற்றுக்கு ஒரு தந்திரம்: கம்பியைக் காற்று வரும் திசையில் பத்து டிகிரி சாய்த்துவிட்டால் ராக்கெட் எதிர்க்காற்றில் போய், குடையில் நம்மிடமே திரும்பி வரும்.

ரேஞ்சு_டூட்டி
சாய்வு 30 டிகிரிக்குள் இருக்கலாம் என்பது விதி. ஆனால் பத்து டிகிரியை இவருக்குச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ராக்கெட் தானாகக் காற்றுப் பக்கம் திரும்பும். கம்பியை விடும்போது பாதுகாப்பான வேகம் விநாடிக்கு 13.4 மீட்டர் (44 அடி). 10 மைல் காற்றில் அந்தக் கணத்தில் ராக்கெட்டின் மேல் படும் காற்றின் கோணம் 18 டிகிரி. 15 மைல் என்றால் 27 டிகிரி. பெர்தாவின் ஃபின்கள் பெரியவை, பின்னால் தள்ளி இருக்கின்றன, அது நன்றாகவே திரும்பும். அதன்மேல் நீங்கள் பத்து டிகிரி கொடுத்தால் வில்லாக வளைந்து கிடைமட்டமாகப் போகும். உச்சியிலும் வேகம் குறையாது, குடை விரியும்போது ஜிப்பர். உயரமும் போச்சு.

செங்குத்தாக வையுங்கள். கூட்டத்துக்கு எதிர்ப்பக்கம் இரண்டு மூன்று டிகிரி போதும்.

கொங்கு_ஏவுகணை
நான் சொன்னது டி12 போட்ட 200 கிராம் ராக்கெட்டுக்கு. அதன் ஃபின் சிறியது, அவ்வளவு திரும்பாது. பத்து வேண்டாம், ஐந்து டிகிரியே அதில் நன்றாக வேலை செய்கிறது.

ரேஞ்சு_டூட்டி
டி12 தொடக்கத்திலேயே 30 நியூட்டன் வரை தள்ளும், கம்பியை விடும்போதே வேகம் அதிகம். அதற்கு ஐந்து டிகிரி என்றால் சண்டை இல்லை.

கரும்பொடி
ஒன்று விட்டுப்போச்சு. மோட்டாரைக் கார் டிக்கியில் வைக்காதீர்கள். டெக்சாஸ் வெயிலில் அங்கே கொதிக்கும், இரவில் குளிரும். கருமருந்துக் கட்டியும் காகித உறையும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை, நாளாவட்டத்தில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடும். பற்றியதும் தீ அந்த இடைவெளி வழியே ஓடும். அடியிலிருந்து அடுக்கடுக்காக எரிய வேண்டிய மருந்து பக்கவாட்டிலும் ஒரே நேரத்தில் பற்றும், அழுத்தம் எகிறும், களிமண் நாசியோ மேல் மூடியோ பிய்த்துக்கொண்டு போகும். கேட்டோ என்கிறார்களே, கருமருந்தில் அதற்கு முக்கியக் காரணம் இதுதான். சி6-ஐவிட நீளமான ஈ12-ல் அதிகம். மைதானத்துக்குப் போகும்போது பயணிகள் பக்கத்திலேயே, நிழலில், ஐஸ் போடாத கூலர் பெட்டியில் வையுங்கள். கீழே விழுந்த மோட்டாரையும் பயன்படுத்தாதீர்கள், மருந்தில் விரிசல் விட்டிருக்கலாம்.

மலைக்கோட்டை_வாணன்
திருச்சியிலிருந்து எழுதுகிறேன். இங்கே இந்த மோட்டார் எப்படிக் கிடைக்கும்? அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் நாலைந்து கொண்டுவரலாமா? இல்லையென்றால் தீபாவளி ராக்கெட் மருந்தைப் பிரித்து நாமே அடைத்துக்கொள்ள முடியுமா?

கரும்பொடி
இரண்டுமே கூடாது தம்பி, கண்டிப்பாக.

மோட்டார் வெடிபொருள். விமானத்தில் கையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. இந்தியாவில் 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் இருக்கின்றன. இறக்குமதி, தயாரிப்பு எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும், நாக்பூரில் தலைமையகம் உள்ள, மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவிடம். கல்லூரி, நிறுவனம் வழியாகச் செய்கிறவர்கள் அந்த வழியில்தான் போகிறார்கள்.

பட்டாசைப் பிரிப்பது விரலுக்கே ஆபத்து. இந்தப் பொழுதுபோக்கே அதைத் தடுக்கப் பிறந்ததுதான். ஸ்புட்னிக் பறந்த 1957-ல் அமெரிக்கப் பையன்கள் குழாயில் மருந்து அடைத்துக் கை இழந்துகொண்டிருந்தார்கள். நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் செய்த காகித மோட்டாரை, வொயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் கையில் எடுத்தார். பின்னர் வெர்ன் எஸ்டெஸ் அதைத் தயாரிக்க மேபல் என்று ஒரு இயந்திரம் செய்தார். மருந்து அடைக்கும் வேலை பயனர் கையை விட்டுப் போனதால்தான் பள்ளிக்கூடப் பிள்ளை இதைத் தொட முடிகிறது.

பால்சா_தச்சன்
சிவகாசி ராக்கெட்டில் குச்சி எதற்கு என்று யோசித்தால் சமநிலைப் பாடம் பாதி புரிந்துவிடும். ஃபின் செய்யும் வேலையை, தடையைப் பின்னால் தள்ளிவைக்கும் வேலையை, அந்தக் குச்சி செய்கிறது. குச்சி ஒடிந்தால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

வாணன், தண்ணீர் ராக்கெட்டில் தொடங்குங்கள். ஃபின், ஈர்ப்பு மையம், குடை எல்லாமே அதில் இருக்கிறது, உரிமம் தேவையில்லை. 2 லிட்டர் சோடா பாட்டில், கோலா வகை. மினரல் வாட்டர் பாட்டில் அழுத்தம் தாங்காது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், ஏறத்தாழ 650 மில்லி. சைக்கிள் பம்பில் 60 பிஎஸ்ஐ போதும், அழுத்தமானி உள்ள பம்பாக வாங்குங்கள். விடுவிக்கும் பூட்டைக் குறைந்தது ஐந்து மீட்டர் கயிற்றால் இழுங்கள், கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். பாட்டிலை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது, சூடான பசைத் துப்பாக்கியும் கூடாது, இரண்டும் சுவரைப் பலவீனமாக்கும். ஃபினை டேப்பால் ஒட்டுங்கள். வெள்ளைக் கோடோ மடிப்போ தெரிந்த பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள்.

மலைக்கோட்டை_வாணன்
நன்றி சார். பாட்டிலுக்கு எத்தனை ஃபின்? மூன்றா நான்கா?

பால்சா_தச்சன்
மூன்றே போதும், தடை குறைவு. நான்கு வைத்தால் நேராக ஒட்டுவது சுலபம், தாளை இரண்டாக மடித்து மடித்துக் குறி போடலாம்.

ஆல்ஃபா_அப்பா
ஏ8-3, பி6-4 இரண்டும் சொல்லிவைத்துவிட்டேன். கடைசியாக ஒன்று: பிள்ளைகளுக்கு எவ்வளவு உயரம் போனது என்று தெரிந்தாக வேண்டும். ஆல்டிமீட்டர் வாங்கலாமா?

சுழல்காற்று
பெர்தாவில் பத்து கிராம் ஆல்டிமீட்டர் சுலபமாகப் போகும். ஆல்ஃபாவில் 34 கிராம் ராக்கெட்டுக்கு அது பெரிய சுமை. வைத்தால் உடம்பில் மூன்று நான்கு சிறு துளை, சம இடைவெளியில், கூம்பிலிருந்து தள்ளிப் போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் மாறாது, எண் தப்பாக வரும்.

செலவில்லாத வழி: பேடிலிருந்து 100 மீட்டர் அளந்து, காற்றுக்குப் பக்கவாட்டில் ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். கோணமானியில் நூலும் நட்டும் கட்டி, உச்சியில் கோணம் பார்க்கச் சொல்லுங்கள். 40 டிகிரி என்றால் டேன் 0.84, உயரம் 84 மீட்டர். காற்றின் திசையிலேயே நின்றால் ராக்கெட் உங்களை நோக்கியோ விலகியோ சாயும், கணக்கு ஏமாற்றும். இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு பக்கம் நிறுத்திச் சராசரி எடுங்கள்.

ரேஞ்சு_டூட்டி
100 மீட்டர் தள்ளிப் பிள்ளையை நிறுத்துவதென்றால் ரேஞ்ச் அதிகாரியிடம் முதலில் சொல்லிவிடுங்கள், கூடவே ஒரு பெரியவர் நிற்க வேண்டும். அந்த இடம் காற்று அடித்துப்போகும் பக்கம் என்றால் அனுமதிக்க மாட்டார்கள். காலை எட்டரைக்குள் போய்ச் சேருங்கள். பெர்தாவை முதலில் விடுங்கள், பத்து மணிக்கு மேல் காற்று ஏறும்.